எழுவாய் இல்லாத கண்டம்: ‘கட்டாயம் பார்க்க வேண்டிய’ ஆப்பிரிக்காவைப் பற்றி



‘ஆப்பிரிக்காவில் கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்.’ இந்த மாதிரி ஒரு கட்டுரையை நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். வார இதழின் சுற்றுலாப் பக்கத்தில் வரும். பயண முகவரின் கையேட்டில் வரும். காலையில் புலனக் குழுவைத் திறந்தால் படத்தோடு வந்து நிற்கும். யார் எழுதினாலும் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றுதான்: கிசா பிரமிடு, சகாரா மணல்மேடு, செரெங்கெட்டி, கிளிமஞ்சாரோ, விக்டோரியா அருவி, கேப் டவுனின் மேசை மலை, ஒக்கவாங்கோ, மடகாஸ்கரின் பாவோபாப் மரங்கள், சான்சிபார் கடற்கரை, மொரோக்கோவின் சந்தை. சுற்றுலாக் கட்டுரை எழுதும் மாணவர்களின் குறிப்பேட்டிலும் இதுதான் இருக்கிறது. பயிற்றிகளில் கருத்துணர் பகுதியாகவும் இதுவே வருகிறது.

இந்த வகை எழுத்தையும் ஓர் இலக்கிய வகையாக எடுத்துக்கொண்டு திறனாய்வு செய்து பார்த்தால் என்ன? கதையையும் கவிதையையும் மட்டும்தான் திறனாயணும்னு யாரும் சட்டம் போடவில்லையே. நம் மாணவர்கள் ஒரு நாவலைப் படிப்பதைவிட இந்தப் பட்டியல்களைத்தான் அதிகம் படிக்கிறார்கள். அதுவே ஒரு காரணம் போதும்.

கருவி பெரியதாக ஒன்றும் வேண்டாம். ஆரம்பப் பள்ளியில் படித்த எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் போதும். பென்சிலை எடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயின்கீழ் ஒரு கோடு போடுங்கள். இந்தப் பட்டியல்களில் வழக்கமாக வரும் வாக்கியங்கள் எப்படி இருக்கும்? ‘கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல்வெளி விரிந்து கிடக்கிறது.’ ‘ஆயிரக்கணக்கான வரிக்குதிரைகள் ஆற்றைக் கடக்கின்றன.’ ‘மலையுச்சியில் பனி மின்னுகிறது.’ ‘சுற்றுப்பயணிகள் மெய்மறந்து நிற்கிறார்கள்.’ கோடு விழுந்த சொற்களை மட்டும் படியுங்கள்: புல்வெளி, வரிக்குதிரைகள், பனி, சுற்றுப்பயணிகள்.

யாரைக் காணோம்? அந்தக் கண்டத்தில் வாழ்கிற 140 கோடிக்கும் மேற்பட்ட மனிதர்களைக் காணோம். அவர்களில் ஒருவர்கூட எழுவாயாக வரவில்லை. கடைசிப் பத்தியில் ஒருவேளை ‘பழங்குடியினரின் வண்ணமயமான நடனம் நம்மை வரவேற்கிறது’ என்று ஒரு வாக்கியம் வரலாம். அங்கேயும் பாருங்கள், எழுவாய் ‘நடனம்’. ஆடுகிறவர் ஆறாம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறார்.

எவ்வளவு பெரிய இடத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆப்பிரிக்காவின் பரப்பு ஏறத்தாழ 3 கோடி சதுர கிலோமீட்டர். 90 மலேசியாக்களை உள்ளே வைக்கலாம். ஐக்கிய நாட்டு மன்றத்தில் அதற்கு 54 உறுப்பு நாடுகள். இதற்குப் பத்து இடம்! பத்தில் ஐந்து விலங்கும் மரமும் மலையும். மிச்சத்தில் பிரமிடும் சந்தையும் கடற்கரையும். சுருக்குவது தப்பில்லை, சுருக்காமல் எழுத முடியாது. எதை விட்டுச் சுருக்குகிறோம் என்பதுதான் கேள்வி.

முதலில் விக்டோரியா அருவி. சாம்பிய, சிம்பாப்வே எல்லையில் சாம்பேசி ஆறு 1,700 மீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில், 108 மீட்டர் ஆழத்துக்கு விழுகிறது. ‘இவ்வருவியை 1855ஆம் ஆண்டு டேவிட் லிவிங்ஸ்டன் கண்டுபிடித்தார்’ என்ற வாக்கியம் எந்தப் பட்டியலிலும் தவறாது. இதில் எழுவாய் தெளிவாக இருக்கிறது, ஆனால் பயனிலை பொய். ஆற்றின் போக்கு தெரிந்த கொலோலோ மக்கள் அவரைப் படகில் ஏற்றி, அருவியின் விளிம்பில் இருக்கும் தீவுக்குக் கூட்டிப்போனார்கள். அருவிக்கு அப்போதே பெயர் இருந்தது: மோசி-ஓவா-துன்யா. ‘இடியாய் முழங்கும் புகை’ என்று பொருள். லிவிங்ஸ்டனே அந்தப் பெயரைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். பிறகுதான் தம் நாட்டு அரசியின் பெயரை வைத்தார். யுனெஸ்கோ 1989இல் உலக மரபுச் சின்னமாகப் பதிந்தபோது இரண்டு பெயர்களையும் சேர்த்தே பதிந்தது. அப்படியானால் ‘கண்டுபிடித்தார்’ என்பதற்குப் பதிலாக என்ன எழுதலாம்? ‘கொலோலோ படகோட்டிகள் லிவிங்ஸ்டனை அருவிக்கு அழைத்துச் சென்றார்கள்’ என்று எழுதிப் பாருங்கள். ஆறு சொல்தான். வரலாறே இடம் மாறி உட்காருகிறது.

இனி, பெரும்பாலான பட்டியல்களில் இடமே பெறாத ஓர் ஊர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசணும்.

சிம்பாப்வே நாட்டின் தென்பகுதியில் மஸ்விங்கோ நகரத்துக்குப் பக்கத்தில் மாபெரும் சிம்பாப்வே என்ற கல்நகரம் இருக்கிறது. ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டுவரை அங்கே மக்கள் கட்டினார்கள், வாழ்ந்தார்கள், வணிகம் செய்தார்கள். கருங்கல்லைச் செங்கல்போலத் தறித்து, சுண்ணாம்போ சாந்தோ எதுவும் வைக்காமல் அடுக்கியே சுவர் எழுப்பினார்கள். பெரிய வளாகத்தின் வெளிச்சுவர் சுமார் 250 மீட்டர் சுற்றளவு. சில இடங்களில் 11 மீட்டர் உயரம், அதாவது நம் மூன்று மாடிக் கடைவீட்டின் உயரம். அந்த மண்ணில் சீனப் பீங்கான் துண்டும், பாரசீக மட்பாண்டமும், இந்தியக் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. உள்நாட்டுத் தங்கம் கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்கள் வழியாக இந்தியப் பெருங்கடலுக்குப் போனது, கடல் கடந்த பொருள் இங்கே வந்தது. இதைக் கட்டியவர்கள் ஷோனா மக்களின் முன்னோர்.

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்வதற்குத்தான் ஒரு நூற்றாண்டு போராட வேண்டியிருந்தது. 1871இல் கார்ல் மாவுக் என்ற ஜெர்மானியர் வந்து பார்த்துவிட்டு, இது விவிலியத்தில் வரும் ஷேபா அரசியோடு தொடர்புடைய கட்டடம் என்றார். பிறகு வந்தவர்கள் பினீசியர் கட்டினார்கள், அரேபியர் கட்டினார்கள் என்றார்கள். பக்கத்து ஊரில் வாழ்ந்தவர்களின் முப்பாட்டன் கட்டினான் என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை. ரிச்சர்ட் ஹால் என்பவர் 1902 முதல் 1904வரை ‘அந்நிய’ச் சான்று தேடிக்கொண்டு மேல்மண் அடுக்குகளை வாரிக் கொட்டினார். அந்த மண்ணோடு சேர்ந்து உண்மையான சான்றும் போனது. 1905இல் டேவிட் ரண்டால் மெக்கைவர் என்ற தொல்லியலாளர் இது ஆப்பிரிக்கர் கட்டியதுதான் என்று முடிவு சொன்னார். 1929இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் மீண்டும் தோண்டி அதை உறுதிப்படுத்தினார். அதோடு முடிந்ததா? இல்லை. 1965க்குப் பிறகு வெள்ளையர் சிறுபான்மை ஆட்சி நடந்த ரொடீசியாவில், அரசாங்கக் கையேடுகளில் இந்த உண்மையை வெளிப்படையாக எழுதக் கூடாது என்ற நெருக்குதல் இருந்தது. அங்கே பணியாற்றிய தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970இல் நாட்டைவிட்டே வெளியேறினார். 1980இல் விடுதலை கிடைத்ததும் மக்கள் தங்கள் நாட்டுக்கு அந்தக் கல்நகரத்தின் பெயரையே வைத்தார்கள். அங்கே கிடைத்த மாக்கல் பறவை இன்று தேசியக் கொடியில் இருக்கிறது.

சரி, இப்போது ஒரு சுற்றுலாக் கையேட்டு வாக்கியத்தை மனத்தில் கொண்டுவாருங்கள்: ‘இந்த மர்மமான கல்நகரம் பல நூற்றாண்டுகளுக்கு முன் கட்டப்பட்டது.’ படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘கட்டப்பட்டது’ என்ற செயப்பாட்டு வினை என்ன வேலை செய்கிறது என்று பார்த்தீர்களா? செய்தவரை வாக்கியத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டது. ‘மர்மமான’ என்ற பெயரடை கதவைச் சாத்திவிட்டது. யாருக்கு மர்மம்? ஷோனா மக்களுக்கு மர்மமில்லை. நூறு ஆண்டுக்காலம் ஓர் ஆட்சி செய்ய முயன்ற அதே வேலையை, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத ஒரு கையேட்டு எழுத்தாளர் இரண்டே சொல்லில் செய்துவிடுகிறார். செயப்பாட்டு வினையே கூடாதென்று நான் சொல்ல வரவில்லை. செய்தவர் பெயர் தெரிந்திருந்தும், அவர் முக்கியமானவராக இருந்தும், அவரை மறைக்கிற இடத்தில் அது கூடாது. ஆசிரியர்களே, தன்வினை பிறவினை, செய்வினை செயப்பாட்டுவினை பாடம் நடத்தும்போது ‘மாலதி பாடம் படித்தாள்’ என்ற உதாரணத்துக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்துவிட்டு இதை எடுத்துப் பாருங்களேன்.

அடுத்தது செரெங்கெட்டி. எல்லாப் பட்டியலிலும் முதல் மூன்றுக்குள் வரும். தான்சானியாவில் ஏறத்தாழ 14,760 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்கா. வில்டபீஸ்ட் என்ற மான்வகை விலங்குகள் பத்து இலட்சத்துக்கும் மேல், மழையையும் புல்லையும் பின்தொடர்ந்து ஆண்டு முழுதும் சுற்றிவருகின்றன. உண்மையிலேயே உலகில் வேறெங்கும் இல்லாத காட்சி. பார்க்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை.

மறுப்பெல்லாம் ‘மனிதன் தொடாத இயற்கை’ என்ற தொடருக்குத்தான். செரெங்கெட்டியைப் பற்றி எழுதும்போது இது தானாகவே பேனாவில் வந்து விழுகிறது. ஆனால் நடந்தது வேறு. 1890களில் ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, மாடுகளில் பெரும்பகுதியைக் கொன்றது. மாட்டை நம்பி வாழ்ந்த மாசாய் மக்கள் பஞ்சத்தில் செத்தார்கள். வில்டபீஸ்டும் அதே நோயில் மடிந்தது. அதற்குப் பின் வந்த ஐரோப்பியர் கண்ணுக்கு அந்த நிலம் ஆளில்லாத காடாகத் தெரிந்ததில் வியப்பில்லை. பிறகு சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். நோய் ஓய்ந்தது. 1961இல் ஏறத்தாழ 2,60,000 ஆக இருந்த வில்டபீஸ்ட் 1977இல் ஏறத்தாழ 14 இலட்சமானது. மாட்டுக்குப் போட்ட ஊசிதான் இன்று நீங்கள் படத்தில் பார்க்கிற அந்தப் பெருங்கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. இது தெரிந்தால் காட்சியின் அழகு குறையுமா? எனக்கு ஒருபடி கூடத்தான் செய்கிறது.

அந்த நிலத்தில் மாடு மேய்த்தவர்கள் என்ன ஆனார்கள்? 1951இல் பூங்கா அமைந்தது. 1959இல் மாசாய் மக்களை அதிலிருந்து வெளியேற்றி, பக்கத்தில் உள்ள இங்கோரோங்கோரோ பகுதிக்கு அனுப்பினார்கள். அதே 1959இல்தான் பெர்ன்ஹார்ட் க்ரிசிமெக் என்ற ஜெர்மானிய விலங்கியலாளரின் செரெங்கெட்டி ஆவணப்படம் வெளிவந்து, பிறகு ஆஸ்கார் விருதும் பெற்றது. மனிதர் இல்லாத செரெங்கெட்டி என்ற படிமம் உலகம் முழுக்கப் பரவியதில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்குண்டு. இது பழைய கதையுமில்லை. 2022 ஜூன் மாதம், செரெங்கெட்டியை ஒட்டிய லொலியோண்டோவில் ஏறத்தாழ 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்தை வனவிலங்குக் காப்பகமாக்க அரசாங்கம் எல்லைக்கல் நட்டபோது, மாசாய் மக்களுக்கும் பாதுகாப்புப் படைக்கும் மோதல் மூண்டது. விலங்கைக் காப்பது முக்கியம் இல்லையா என்று கேட்பீர்கள். முக்கியம்தான். மேய்ச்சல்காரர்களும் காட்டு விலங்குகளும் ஒரே நிலத்தில் எப்படி வாழ்வது என்பது எளிதான கேள்வி இல்லை. அறிவியலாளர்களே அதில் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். ஆனால் ‘மனிதன் தொடாத’ என்று எழுதுகிறவர் அந்தக் கேள்வி இருப்பதையே வாசகருக்குச் சொல்லவில்லை. என் குறை அதுதான்.

இந்தக் குறையை நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி 1975இல் அமெரிக்காவில் ஆற்றிய ஓர் உரையில், ஜோசப் கான்ராட்டின் புகழ்பெற்ற காங்கோ நாவலை எடுத்து, ஆப்பிரிக்கா அதில் ஓர் ஐரோப்பியனின் மனப்போராட்டத்துக்கு வெறும் திரைச்சீலையாகத் தொங்குகிறது என்று வாதிட்டார். 2005இல் கென்ய எழுத்தாளர் பின்யவங்கா வைனைனா, ஆப்பிரிக்காவைப் பற்றி எப்படி எழுதுவது என்று ‘ஆலோசனை’ சொல்லும் ஓர் அங்கதக் கட்டுரை எழுதினார். யானையையும் சிங்கத்தையும் ஆளுமையுள்ள பாத்திரங்களாக எழுதுகிறவர்கள் மனிதரை மட்டும் நிழலாக விட்டுவிடுவதை அதில் அவர் கிண்டலடித்த கிண்டல் இருக்கிறதே, சிரித்து முடித்த பிறகுதான் சுடும். ஆங்கிலம் வாசிக்கக்கூடிய படிவம் ஆறு மாணவர்கள் தேடிப் படிக்கலாம். நாலைந்து பக்கம்கூட வராது.

எழுவாயைத் திரும்பக் கொண்டுவந்தால் ஒரு பயணக் கட்டுரை எப்படி மாறும்? மாலி நாட்டின் ஜென்னே ஊருக்கு வாருங்கள். ‘உலகின் மிகப் பெரிய மண் கட்டடமான ஜென்னே பள்ளிவாசல் கம்பீரமாக அமைந்துள்ளது’ என்பது பட்டியல் வாக்கியம். அமைந்துள்ளதாம்! மழை பெய்தால் மண் கரையும். அது தானாக அமைந்திருக்க முடியாது. இன்றுள்ள கட்டடம் 1907இல் எழுந்தது. ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் ஊரே கூடி அதற்குப் புதிதாக மண் பூசுகிறது. பையன்கள் குழியில் இறங்கிச் சேற்றை மிதித்துக் குழைக்கிறார்கள், பெண்கள் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமக்கிறார்கள், கொத்தர்கள் மேலே நின்று பூச்சைச் சரிபார்க்கிறார்கள். சுவரிலிருந்து முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகளைப் படத்தில் பார்த்து அலங்காரம் என்று நினைப்போம். அழகுக்கும்தான், ஆனால் பூசுகிறவர்கள் ஏறி நிற்கும் சாரமும் அதுவே. ‘ஜென்னே மக்கள் தங்கள் பள்ளிவாசலை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள்’ என்று எழுதினால் கட்டடமும் புரிகிறது, ஊரும் தெரிகிறது. ‘கம்பீரமாக’ என்ற சொல் தேவையே இல்லாமல் உதிர்ந்துவிடுகிறது.

அதே நாட்டின் திம்புக்துவும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை ‘எங்கோ தொலைதூரம்’ என்பதற்குப் பதிலாகவே பயன்படுத்துகிறார்கள். ஆனால் 14ஆம் நூற்றாண்டிலேயே மன்சா மூசா அங்கே பள்ளிவாசல் கட்டுவித்தார். பிறகு அது சட்டமும் வானியலும் மருத்துவமும் படிக்கிற ஊரானது. 2012இல் ஆயுதக் குழுக்கள் ஊரைப் பிடித்தபோது நூலகக்காரர்களும் அவர்களின் உறவினர்களும் கையெழுத்துச் சுவடிகளை இரும்புப் பெட்டிகளில் அடைத்து, வண்டியிலும் நைஜர் ஆற்றுப் படகிலும் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். எரிந்துபோனவையும் உண்டு. இடிக்கப்பட்ட கல்லறை மாடங்களை உள்ளூர்க் கொத்தர்கள் 2015க்குள் மறுபடி கட்டினார்கள். அவற்றை இடித்த குற்றத்துக்காக 2016இல் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் ஒருவருக்கு 9 ஆண்டுச் சிறை விதித்தது. சுவடி என்றால் என்னவென்று தெரிந்த சமுதாயம் நாம். இந்த ஊர் நம் மாணவர்களின் பட்டியலில் இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

மற்றவை சுருக்கமாக. பிரமிடு என்றதும் எகிப்து, சரி. ஆனால் சூடானில் இருநூறுக்கும் மேற்பட்ட பிரமிடுகள் உள்ளன. எண்ணிக்கையில் எகிப்தைவிட அதிகம், அளவில் சிறியவை. எத்தியோப்பியாவின் லாலிபெலாவில் 11 தேவாலயங்களை மலைப்பாறையில் மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கினார்கள். கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் படத்திலாவது பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் கடினம் உடனே பிடிபடும். அங்கே இன்றும் வழிபாடு நடக்கிறது. கிளிமஞ்சாரோவைப் பற்றி எழுதுகிறவர்கள் 5,895 மீட்டர் என்ற உயரத்தோடு, 1912க்குப் பிறகு அதன் பனிப்பாறையில் 80 விழுக்காட்டுக்கும் மேல் கரைந்துவிட்டதையும் எழுதினால் நல்லது. ‘என்றும் பனி போர்த்திய’ என்ற அடைமொழிக்கு இனி உத்தரவாதம் இல்லை. ஒக்கவாங்கோவில் மனிதரைத் தேடிப் போக வேண்டாம், தண்ணீரையே எழுவாயாக வைக்கலாம். அங்கோலா மலையில் பெய்த மழை மாதக்கணக்கில் மெதுவாக நகர்ந்து, போட்ஸ்வானாவில் வறட்சிக்காலம் நடக்கும்போது வந்து சேர்கிறது. அந்த ஆறு கடலுக்கே போவதில்லை. விலங்குகள் ஏன் அங்கே குவிகின்றன என்பதற்கு இந்த இரண்டு வாக்கியம் போதும். ‘இயற்கை அன்னையின் கொடை’ என்று பத்து வரி எழுத வேண்டியதில்லை.

இது நமக்கு ஏன் உறைக்கணும்? பத்துமலையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பட்டியல்களில் நம் பத்துமலை எப்படி வருகிறது? வண்ணப் படிக்கட்டு, குரங்கு, படம் எடுக்க நல்ல இடம். 272 படிக்கு வண்ணம் பூசியது 2018இல்தான். 1891இல் அங்கே கோயிலுக்கு அடித்தளமிட்ட தம்புசாமிப் பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை. காவடி தூக்கி ஏறுகிறவர் இல்லை. அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹார்னடே 1878இல் குகையைக் ‘கண்டுபிடித்தார்’ என்று சிலவற்றில் இருக்கும். அதற்கு எவ்வளவோ காலம் முன்பே தெமுவான் மக்கள் அந்தக் குகைகளில் தங்கினார்கள். படிக்கும்போது நமக்குச் சுருக்கென்று ஒரு கோபம் வருகிறதில்லையா? அந்தக் கோபத்தைக் கொஞ்சம் மிச்சம் வைத்து, நாம் ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதிய பத்தியை எடுத்துப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லணும். இதைப் படித்துவிட்டு, அடுத்த கட்டுரையில் அடிமை வணிகம், பஞ்சம், போர் என்று மட்டுமே எழுதினால் அதுவும் இதே நோயின் மறுபக்கம்தான். அங்கே ஆப்பிரிக்கர் வாக்கியத்துக்குள் வந்துவிடுவார், ஆனால் செயப்படுபொருளாக: ஆப்பிரிக்கரைப் பிடித்தார்கள், ஆப்பிரிக்கருக்கு உதவினார்கள், ஆப்பிரிக்கரைக் காப்பாற்றினார்கள். கானாவின் எல்மினா கோட்டையைப் பற்றி எழுதத்தான் வேண்டும். 1482இல் போர்த்துக்கீசியர் கட்டியது, பிறகு டச்சுக்காரர் கையில் 1637இலிருந்து பெரும் அடிமைச் சந்தையாக இயங்கியது. அதோடு இன்றைய ஊர்களும் வரட்டும். கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் எம்-பேசா சேவை கென்யாவில் 2007இல் தொடங்கியது. நம் ஊரில் மின்பணப்பை பரவலாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நைரோபியின் காய்கறிக்காரர் கைப்பேசியில் காசு வாங்கினார். கோடிக்கும் மேற்பட்டவர் வாழும் லாகோஸ் நகரத்தில் திரைப்படத் துறை கொடிகட்டிப் பறக்கிறது. நகரம் என்றால் ‘பார்க்க வேண்டிய இடம்’ ஆகாதா என்ன?

பட்டியல் எழுதுகிறவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஒரு வாரம் விடுப்பு, கையில் அளவான பணம் என்று கிளம்புகிறவருக்கு எந்த மாதம் போகலாம், எதை விடக்கூடாது என்று சொல்ல ஒரு பட்டியல் வேண்டும். விசா விவரம் கேட்டு வந்தவரிடம் ரொடீசிய வரலாறு சொல்ல முடியாது. ஆகவே பட்டியலைத் திட்ட வேண்டாம். அதைக் கட்டுரை என்று ஏற்றுக்கொண்டு, அதன் மொழியைத் தேர்வுத்தாளுக்குக் கொண்டுபோகிறோமே, அங்கேதான் சிக்கல். எஸ்.பி.எம். கட்டுரை திருத்துகிறவர் ஒரே மேசையில் நூற்றுக்கணக்கான ‘கண்கொள்ளாக் காட்சி’களைத் தாண்டி வருகிறார். அவர் கண்ணில் ‘ஜென்னே ஊர்ப் பையன்கள் சேற்றை மிதித்தார்கள்’ என்ற வரி பட்டால் பேனா ஒரு நொடி நிற்கும். புள்ளிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, புள்ளியும் வரும் என்று சொல்கிறேன்.

மாணவர்களே, பத்து இடம் எழுதாதீர்கள். இரண்டு இடம் போதும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளைத் தேடுங்கள்: கட்டியவர், காப்பவர், பெயர் வைத்தவர், வெளியேற்றப்பட்டவர். கேப் டவுனுக்குப் போகிறவர்கள் மேசை மலையோடு ரோபன் தீவையும் பார்ப்பார்கள். நெல்சன் மண்டேலா தம் 27 ஆண்டுச் சிறைவாழ்வில் 18 ஆண்டுகளை அங்கே கழித்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். இந்திரஸ் நாயுடுவைத் தெரியுமா? மொரீஷியசில் பிறந்து, ஜோகன்னஸ்பர்க்கில் காந்தியோடு சத்தியாகிரகத்தில் முன்னணியில் நின்ற தம்பி நாயுடுவின் பேரன். 1963இல் பிடிபட்டு அதே தீவில் பத்தாண்டு இருந்தார், அதைப் பற்றி நூலும் எழுதினார். அந்தச் சிறை 1997இல் அருங்காட்சியகமானபோது அங்கே கைதியாக இருந்தவர்களையே வழிகாட்டிகளாக அமர்த்தினார்கள். வழிகாட்டி பேசுகிற வாக்கியத்தில் எழுவாய் ‘நான்’.

ஆசிரியர்களே, வகுப்பில் செய்துபார்க்க நான்கு வாக்கியம் தருகிறேன். ‘தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பசுமையான கரும்புத் தோட்டங்கள் பரந்து விரிந்துள்ளன.’ ‘எத்தியோப்பியாவில் காப்பி கண்டுபிடிக்கப்பட்டது.’ ‘லாலிபெலாவில் 11 தேவாலயங்கள் அமைந்துள்ளன.’ ‘செரெங்கெட்டி மனிதன் காலடி படாத சொர்க்கம்.’ இவற்றை எழுவாயோடு திருப்பி எழுதச் சொல்லுங்கள். முதல் வாக்கியத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு கொடுக்கலாம்: 1860 நவம்பர் 16ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து வந்து நேட்டால் துறைமுகத்தில் நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் யார், எதற்காக வந்தார்கள் என்று தேடிவிட்டு எழுதட்டும்.